கோட்டைக்குள் ஒற்றை ஆள்! ஒரே ஒருவரை வைத்து ஆர்பிஜி நடத்துவது எப்படி?

[திரையில்: இருட்டில் வேலூர்க் கோட்டை]

1806, ஜூலை 10. விடிய இன்னும் நேரம் இருக்கிறது. கோட்டைக்குள் நீங்கள் ஒரு சிப்பாய். கலகம் தொடங்கிவிட்டது. எதிரில் பூட்டிய கதவு, பக்கத்தில் யாரும் இல்லை. என்ன செய்வீர்கள்?

வணக்கம் மக்களே! இதுதான் ஆர்பிஜி, அதாவது ரோல்-பிளேயிங் கேம்: ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் ஆடும் விளையாட்டு. இப்படிக் கேட்பவர் கேம் மாஸ்டர், பதில் சொல்பவர் பிளேயர், முடிவு சொல்வது 20 முக டைஸ். 1974-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஆரம்பித்த விளையாட்டு. வரலாறு இவ்வளவு போதும்.

சிக்கல் என்ன? ஆள் சேராது. காட்பாடி ஹாஸ்டலில் லீவு விட்டால் ஒருத்தன்தான் மிஞ்சுவான். அவனை மட்டும் வைத்து ஆடலாமா? தாராளமாக. ஆனால் முதலில் ஒரு கணக்கு. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு, ஸ்கிப் பண்ணாதீர்கள்.

[திரையில்: மதில், டைஸ்]

மதில் ஏற 15 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 20 முகத்தில் ஆறு முகம், அதாவது 30 சதவீதம். நாலு பேர் ஆளுக்கொரு தடவை உருட்டினால் ஒருவராவது ஏற வாய்ப்பு எவ்வளவு? 120 என்று சொன்னவர்கள் கமெண்டில் கை தூக்குங்கள்! நாலு பேரும் வழுக்க வாய்ப்பு: 0.7-ஐ நாலு தடவை பெருக்கினால் சுமார் 24 சதவீதம். மீதி 76. அதே மதில், அதே டைஸ். தனி ஆளுக்கு மட்டும் வெறும் 30. சண்டையிலும் இதே கதைதான்: நாலு எதிரி நாலு அடி அடிப்பான், நம்ம ஆள் ஒன்றுதான் திருப்பிக் கொடுப்பான்.

பலர் உடனே ஹீரோவுக்குப் பலத்தை ஏற்றுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தோற்றால் என்ன ஆகும் என்பதை மாற்றுங்கள். 9 விழுந்ததா? ஏறிவிட்டான், ஆனால் வாள் நழுவி அகழியில் விழுந்தது, காவல்காரன் லாந்தரைத் தூக்கிப் பார்க்கிறான். சண்டையில் தோற்றானா? சாவு வேண்டாம், சிறை. அந்தக் கோட்டையில் கைதிகளுக்கா பஞ்சம்! திப்புவின் பிள்ளைகளே அங்கேதான் இருந்தார்கள். அடுத்த அத்தியாயம் தானாகக் கிடைத்துவிட்டது.

கதைக்குள் துணைக்கு ஒரு ஆள் கொடுக்கலாம், அவனுக்காக கேம் மாஸ்டரே பேசுவார். 2019-இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எசென்ஷியல்ஸ் கிட் என்ற ஆரம்பப் பெட்டியில் அதற்கு விதியே இருக்கிறது. ஆனால் அந்த ஆள் அதிபுத்திசாலியாக இருக்கக் கூடாது. இருந்தால் கேம் மாஸ்டர் தன்னோடு தானே பேசிக்கொண்டிருப்பார், பிளேயர் போனை எடுத்துவிடுவான்.

துணை ஆளின் உண்மையான வேலை கேள்வி கேட்பது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி கலகத்தை அடக்கக் குதிரைப்படையோடு கிளம்பியது நம்ம சிப்பாய்க்குத் தெரியாது. நீங்கள் மட்டும் ஒரு தாளில் பத்துக் கட்டம் போட்டு மறைத்து வையுங்கள். அவன் தயங்கும்போதெல்லாம் ஒரு கட்டத்தை அடியுங்கள். ஏழாவது கட்டத்தில் துணை ஆள் மெதுவாகக் கேட்கட்டும்: "அண்ணே, வாசலுக்குக் காவல் போட்டாச்சா?" அவன் முகத்தைப் பாருங்கள்! பத்தாவதில் பீரங்கி வந்து கதவை உடைக்கும். நிஜத்திலும் அப்படித்தான் உள்ளே வந்தார்கள்.

அப்புறம், ஆட்டத்தைச் சீக்கிரம் முடியுங்கள். எல்லா முடிவும் ஒருத்தனே எடுப்பதால் சீக்கிரம் களைத்துவிடுவான்.

நீங்கள் என்றால் வாசலுக்கு எத்தனை பேரைக் காவல் போடுவீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். பெல் பட்டனையும் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்!