தேக்கு மரப்பெட்டி: மூடி பிளக்காமல் இருக்க எங்கே இடம் விட வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. மேசைமேல் கிடக்கிற இந்த ஐந்து பலகையும்தான் இன்றைய வேலை. போர்வை, கம்பளி, விளையாட்டுச் சாமான் என்று எதை வேண்டுமானாலும் போட்டு மூடிவைக்கிற மாதிரி ஒரு மரப்பெட்டி. நீளம் 90 சென்டிமீட்டர், அகலம் 45, உயரம் 45. பலகையின் கனம் 20 மில்லிமீட்டர். மரம் தேக்கு.

பெட்டிதானே, நான்கு பக்கமும் ஆணி அடித்து, அடியில் ஒரு பலகையைச் சேர்த்தால் முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்த பெட்டி புதிதில் நன்றாகத்தான் இருக்கும். மழையும் வெயிலும் மாறி மாறி வந்த பிறகு பாருங்கள், மூடி நடுவில் பிளந்திருக்கும். பசை சரியில்லை, ஆணி சரியில்லை என்று பழி போடுவோம். அறுத்துக் காயவைத்த மரம்கூடக் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். வாங்கினால் உப்பும், விட்டால் சுருங்கும். ரேகை, அதாவது மரத்தின் நார் வரி, ஓடுகிற நீளவாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது, எல்லாம் அகலவாட்டில்தான். தேக்கு இந்த விஷயத்தில் அடக்கமான மரம். அப்படியும் 45 சென்டிமீட்டர் அகல மூடியில், மரத்தின் ஈரப்பதம் ஐந்து சதவீதம் கூடிக் குறைந்தால் மூன்று நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். எந்தத் திருகாணியாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அது நகர எங்கே வழி விடுகிறோம் என்பதில்தான் பெட்டியின் ஆயுசே இருக்கிறது.

பலகை வாங்கி வந்ததும் வேலையை ஆரம்பிக்காதீர்கள். இடையில் சின்னச் சின்னக் குச்சிகள் வைத்து அடுக்கி, பட்டறையிலேயே சில வாரம் கிடக்கட்டும். அந்த இடத்துக் காற்றுக்குப் பழகி, வளைய வேண்டியது இப்போதே வளைந்துவிடும். அப்புறம் இழைத்துச் சமன் செய்துகொள்ளலாம். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா இருக்கிறது, இழைப்புளியின் கத்தி சீக்கிரம் மழுங்கும். சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள மரமும்கூட. அதனால் பசை தடவும் இடத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிட்டு உடனே ஒட்ட வேண்டும்.

நான்கு பக்கங்களுக்கு வருவோம். நான்கிலும் ரேகை படுக்கைவாட்டில், பெட்டியைச் சுற்றி ஓட வேண்டும். அப்போது நான்கும் சேர்ந்து உயரத்தில் ஏறும், சேர்ந்து இறங்கும். ஒன்றோடொன்று சண்டை போடாது. மூலைக்கு நான் போடுவது புறாவால் மூட்டு: ஒரு பலகையின் முனையில் புறாவின் வால்போல் விரியும் துண்டுகளை வெட்டி, அடுத்த பலகையின் பற்களுக்கு இடையில் கோப்பது. இதில் நிறையப் பேர் கேட்பது, வால் எந்தப் பலகையில், பல் எந்தப் பலகையில் என்று. பெட்டியை எப்படி இழுப்போம் என்று யோசியுங்கள். பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்துத் தரையில் இழுப்போம். அந்த இழுப்பு குட்டைப் பலகையை வெளியே பிடுங்கப் பார்க்கும். நீளப் பலகையில் வால் வெட்டியிருந்தால், இழுக்க இழுக்க மூட்டு இறுகுமே தவிரக் கழலாது.

வாலின் சரிவு தேக்கு மாதிரி கெட்டி மரத்துக்கு எட்டுக்கு ஒன்று போதும். முதலில் வால்களை வெட்டி, அதையே குட்டைப் பலகையின் முனைமேல் வைத்து, கூரிய கத்தியால் கோடு கீறுங்கள். பென்சில் வேண்டாம். பென்சில் கோட்டுக்கே ஒரு கனம் உண்டு, கத்திக் கோட்டுக்கு இல்லை. கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். ரம்பம் கோட்டின்மேல் ஓடவில்லை, கழிவுப் பக்கமாக ஒட்டி ஓடுகிறது. கீறலின் பளபளப்பு இன்னும் தெரிகிறது அல்லவா? அது தெரியும்வரை மூட்டு இறுக்கமாக வரும். உளியைப் பாதி ஆழம் இந்தப் பக்கத்திலிருந்து, மீதியைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்திலிருந்து. ஒரே பக்கமாக அடித்தால் மறுபக்கம் சில்லுப் பெயரும்.

பசை போட்டு கிளாம்ப் இறுக்கியதும் மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் பெட்டி நேர். ஒன்று நீளமாக இருந்தால், அந்த மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இன்னொரு கிளாம்ப் போட்டு மெல்ல இழுங்கள். பசை இறுகுவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள்.

அடிப்பாகத்துக்கு உள்பக்கம் சுற்றிலும் ஒரு சட்டம் வைத்து, அதன்மேல் குறுக்கே சின்னப் பலகைகள். ஒன்றின் ஓரத்து நாக்கு அடுத்ததின் ஓரத்துக் காடியில், அதாவது பள்ளத்தில், நுழைகிற மாதிரி கோத்து, நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பசை கிடையாது. பிளைவுட் போட்டாலும் தப்பில்லை, அது நகராது. எனக்குப் பலகைதான் பிடிக்கும். வெளியே அடியில் இரண்டு கட்டைகள் கொடுத்துத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள், காற்றுப் போகட்டும்.

இந்த நேரத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1936இல் சுவீடனின் காட்லாந்து தீவில், தண்ணீர் வடித்த சதுப்பு நிலத்தை உழும்போது வைக்கிங் காலத்துக் கருவிப்பெட்டி ஒன்று கலப்பையில் மாட்டியது. ஓக் மரம், நீளம் கிட்டத்தட்ட நம் பெட்டி அளவு. உள்ளே ரம்பம், சுத்தியல், அரம் என்று இருநூறுக்கும் மேல் சாமான்கள். காற்றுப் படாத சேற்றில் சுமார் ஆயிரம் வருஷம் அப்படியே கிடந்திருக்கிறது. நம் பெட்டி கிடக்கப்போவது காற்றில், அதனால்தான் இத்தனை பாடு.

சரி, மூடி. மூன்று நான்கு பலகைகளை ஒட்டிய தட்டு இது. தட்டையாக நிற்க அடியில் குறுக்கே இரண்டு சட்டம் வேண்டும். சட்டத்தின் ரேகை ஒரு திசை, மூடியின் ரேகை இன்னொரு திசை. பசை போட்டு ஒட்டினால் மூடி பிளப்பது உறுதி. அதனால் ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்று திருகாணி. நடுவில் இருப்பது சாதாரண ஓட்டை, இறுக்கமாக. ஓரத்து இரண்டும் நீள்ஓட்டை: இரண்டு ஓட்டைகளை அருகருகே போட்டு, உருண்டை அரத்தால் இடையை எடுத்துவிட்டால் போதும். நீளம் சட்டத்தின் நீளவாட்டில், அதாவது மூடி நகரும் திசையில் இருக்கட்டும். திருகாணித் தலைக்கு அடியில் வாஷர். இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள். இப்போது மூடி நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தாராளமாக நகரும், ஆனால் வளையாது.

கீலுக்குப் பித்தளைத் திருகாணி என்றால், முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை முடுக்கிக் கழற்றுங்கள். தடம் விழுந்த பிறகு பித்தளைக்கு மெழுகு தடவி முடுக்கலாம். நேராகப் பித்தளையை முடுக்கினால் தலை பாதியில் ஒடிந்துபோகும், உள்ளே மாட்டிய துண்டை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. கணக்குப் போட்டால் இந்த மூடி சட்டத்தோடு சுமார் ஆறு கிலோ வரும். குழந்தையின் விரல்மேல் விழக்கூடாத எடை. எந்தக் கோணத்தில் விட்டாலும் மூடியை அங்கேயே தாங்கி நிறுத்துகிற ஸ்டே (மூடித் தாங்கி) போடுங்கள். வாங்கும்போது மூடியின் எடையையும் அகலத்தையும் சொல்லிக் கேளுங்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள் எனக்கு வேண்டவே வேண்டாம். குழந்தைகள் ஒளிந்து விளையாட இப்படிப்பட்ட பெட்டியைத்தான் தேடுவார்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் மாட்டி இறந்த குழந்தைகளால்தான் அமெரிக்காவில் 1956இல் கதவு உள்ளிருந்து திறக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. பின்பக்கத்தில் இரண்டு மூன்று காற்றுத் துளையும் போட்டுவிடுங்கள், துணிக்கும் நல்லது.

பூச்சில் ஒன்றே ஒன்று கவனம். வெளியே ஆளி விதை எண்ணெய் பூசலாம், உள்ளே வேண்டாம். மூடிய பெட்டியில் வாடை போகவே போகாது, துணியிலெல்லாம் ஏறிவிடும். உள்ளே ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மெல்லிசாக இரண்டு கை போதும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.

கைப்பிடியும் பூட்டும் அடுத்த வீடியோவில். நாளைக்கு இரண்டாவது கை எண்ணெய் பூச வேண்டும், நான் கிளம்புகிறேன்.