செல் சவ்வு செய்கிற வேலை

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

1939-லிருந்து கம்பனைக் கேட்டு வளர்ந்த ஊர் காரைக்குடி. மேடைப் பேச்சைப் பொறுமையாகக் கேட்கிற பழக்கம் இங்கே உண்டு. அந்தத் தைரியத்தில்தான் இன்று செல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் குறிப்பாக, செல்லின் சவ்வைப் பற்றி.

பள்ளிப் பிள்ளையிடம் செல்லின் படம் கேட்டால் நடுவில் நியூக்ளியஸ், பக்கத்தில் மைட்டோகாண்ட்ரியா, அங்கங்கே ரைபோசோம் என்று வரைந்து பெயரும் எழுதிவிடும். சவ்வு என்பது எல்லாவற்றையும் சுற்றி இழுத்த ஒரு கோடு, அவ்வளவுதான். அந்தக் கோட்டுக்கு நாம் கொடுக்கிற மரியாதை போதாது என்பது என் கட்சி.

ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவை எடுத்துக்கொள்ளுங்கள். முதிர்ந்த சிவப்பணுவில் நியூக்ளியஸ் கிடையாது, மைட்டோகாண்ட்ரியாவும் கிடையாது. இருந்தும் ஏறத்தாழ 120 நாள் உடம்பெல்லாம் சுற்றி ஆக்சிஜன் சுமக்கிறது. அதையே வெறும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் உள்ளே புகுந்து, அணு ஊதி, சவ்வு கிழிந்து, சிறிது நேரத்தில் கதை முடிந்துவிடும். நியூக்ளியஸ் இல்லாமல் நான்கு மாதம் தள்ளுகிற அணு, சவ்வு கிழிந்தால் அப்போதே அழிகிறது.

1665-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ராபர்ட் ஹூக் நுண்ணோக்கி வைத்துத் தக்கையில் பார்த்தது வெற்று அறைகளை. உயிர் போன தாவர செல்களின் சுவர்கள் அவை. சவ்வு வேறு, செல் சுவர் வேறு. தாவரத்தில் சவ்வுக்கு வெளியே சுவர் இருக்கும், நம் செல்களில் சுவரே கிடையாது. மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் தண்ணீர் விட்டுச் சுருங்குவதை ஆச்சிமார்கள் எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! வெளியே உப்பு கூடியதும் செல்லுக்குள் இருக்கும் நீர் சவ்வைத் தாண்டி வெளியே வருகிறது. உப்புக்கண்டம் கெடாமல் இருப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. கறியைக் கெடுக்க வரும் பாக்டீரியாவின் உடம்பு நீரையும் உப்பு வெளியே இழுத்துவிடுகிறது.

சரி, இந்தச் சவ்வு எதனால் ஆனது? 1925-இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு டச்சு ஆராய்ச்சியாளர்கள் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்ப்பரப்பில் ஒற்றைப் படலமாகப் பரப்பினார்கள். அந்தப் படலத்தின் பரப்பு, அணுக்களின் மேற்பரப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காக இருக்க வேண்டும். பாஸ்போலிப்பிட் என்ற இந்தக் கொழுப்பு மூலக்கூறின் தலை நீரை விரும்பும், வால் நீரை விட்டு விலகும். அதனால் தலைகள் இருபுறமும் நீரைப் பார்த்து நிற்க, வால்கள் நடுவே ஒளிந்துகொள்கின்றன. யாரும் அடுக்கிவைக்க வேண்டியதில்லை, நீரில் விட்டாலே தானாக இப்படி அமைந்துவிடும். எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிற விஷயம் இது. சவ்வின் கனம் 7, 8 நானோமீட்டர்தான். பத்தாயிரத்துக்கு மேல் அடுக்கினால்தான் ஒரு தாளின் கனம் வரும்.

1972-இல் சிங்கரும் நிக்கல்சனும் இந்தக் கொழுப்பு அடுக்கு இறுகிக் கிடப்பதில்லை, எண்ணெயாக நெகிழ்ந்திருக்கிறது, அதில் புரதங்கள் மிதக்கின்றன என்று விளக்கினார்கள். வேலையில் பெரும்பகுதி அந்தப் புரதங்களுடையது. தண்ணீருக்கென்றே தனி வழி விடும் புரதத்தை அக்குவாபோரின் என்கிறார்கள். அதைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேவுக்கு 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவரும் சிவப்பணுவில்தான் அதைக் கண்டார்.

இன்னொன்று சோடியம்-பொட்டாசியம் பம்ப். 1957-இல் டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கோ அடையாளம் காட்டியது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இரவு பகல் ஓய்வே கிடையாது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்காவது இதற்கே போகிறது. இதனால்தான் உள்ளே பொட்டாசியம் மிகுந்தும் வெளியே சோடியம் மிகுந்தும் நிற்கின்றன, நரம்பு செல்லில் 70 மில்லிவோல்ட் அளவுக்கு மின்னழுத்தமும் நிற்கிறது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது. அயனியும் (இந்தச் சோடியம், பொட்டாசியம் போல மின்னூட்டம் ஏறிய துகள்) மின்னழுத்தமும் அங்கே படிக்கிற பாடம் என்று நினைக்கிறோம். அந்தப் பாடம் நம் ஒவ்வொரு செல்லின் விளிம்பிலும் நடக்கிறது.

இப்போது வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். காலராவில் குடல் செல்கள் உப்பையும் நீரையும் கொட்டித் தீர்க்கின்றன. ஆனால் அந்தச் செல்களின் சவ்வில் ஒரு வாசல் மட்டும் கெடாமல் வேலை செய்கிறது. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் இரண்டையும் உள்ளே விடும், பின்னாலேயே தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் அந்த ஒரு வாசலை நம்பிய மருந்து. 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் போங்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் இதைப் பெரிய அளவில் கொடுத்தார். 30 சதவீதம் அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. வயிற்றுப்போக்கில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி உதவுவதும் இதே வழியில்தான். மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைகிறது.

அளவு மட்டும் தவறக் கூடாது. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். பிள்ளைக்குச் சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒரு டம்ளரில் முழுவதையும் கரைத்தால், கரைசல் ரத்தத்தைவிடச் செறிவாகி, நீர் செல்லுக்குள் போவதற்குப் பதிலாகக் குடலுக்குள் இழுபட்டுப் போக்கு அதிகமாகும். கடையில் விற்கும் கலரும் பாட்டில் ஜூஸும் அந்த நேரத்தில் வேண்டாம். அவற்றில் சர்க்கரை மிகுதி, வாசலைத் திறக்க வேண்டிய சோடியமோ மிகக் குறைவு.