சுதந்திரம் ஒன்றல்ல, மூன்று

நேயர்களுக்கு வணக்கம். ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் தேய்க்கிற நேரத்தில் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கேட்பது என் பழக்கம், போன வருடம் அப்படித் தேடும்போதுதான் ஜே. ரூஃபஸ் ஃபியர்ஸின் உரைகள் கிடைத்தன. அமெரிக்காவில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் கிரேக்க, ரோமானியப் பாடம் நடத்திய பேராசிரியர், 2012-இல் காலமாகிவிட்டார். சுதந்திரத்தின் வரலாறு பற்றி அவர் பேசிப் பதிவானவை 36 உரைகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். முதல் உரை முடிந்தபோது பாத்திரமெல்லாம் எப்போதோ கழுவியாகியிருந்தது, நான் மட்டும் குழாயடியில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

நாம் ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டுப் போகிற சுதந்திரத்தை அவர் மூன்றாகப் பிரிக்கிறார். அந்நியருக்கு அடங்காத தேசத்தின் சுதந்திரம், ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கவும் தட்டிக்கேட்கவும் முடிகிற அரசியல் சுதந்திரம், அடுத்தவருக்குக் கெடுதல் செய்யாதவரை இஷ்டப்படி வாழ்கிற தனிமனிதச் சுதந்திரம். ஒன்று இருந்தால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும் என்பதில்லை. ரோமப் பேரரசில் ஓட்டுக்கு மதிப்பே இல்லை, ஆனாலும் என் தொழில், என் சாமி என்று நிம்மதியாக வாழ்ந்தவர்கள் நிறைய பேர்.

இதைக் கேட்டபிறகு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸை எடுத்து மறுபடி படித்தேன். ஸ்பெர்தியாஸ், பூலிஸ் என்று இரண்டு பேர், கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவைச் சேர்ந்தவர்கள். தங்கள் ஊர் பாரசீகத் தூதர்களைக் கொன்ற பாவத்துக்கு ஈடாக உயிரைக் கொடுக்க, தாங்களாகவே பாரசீக மன்னன் செர்க்ஸஸிடம் போகிறார்கள். வழியில் ஹைடார்னஸ் என்ற பாரசீகத் தளபதி விருந்து வைத்து, ராஜாவுக்கு நண்பர்களாகிவிடுங்களேன், பதவியெல்லாம் கிடைக்கும் என்கிறான். உனக்கு அடிமையாக இருக்கத் தெரியும், சுதந்திரத்தின் ருசி தெரியாது, தெரிந்திருந்தால் ஈட்டியோடு நிற்காமல் கோடாலியும் எடுத்துப் போராடச் சொல்வாய் என்கிறார்கள் இவர்கள். முன்பு படித்தபோது சிலிர்த்துப்போனேன். இந்தத் தடவை வேறு ஒன்று உறுத்தியது. அதே ஸ்பார்ட்டாவின் வயலில் உழுதவர்கள் ஹெலட்டுகள், பரம்பரை பரம்பரையாக அடிமைப்பட்டவர்கள். ஊர் யாருக்கும் பணியவில்லை, சரி, ஊருக்குள் இருந்தவர்கள்?

ஏதென்ஸிலும் கிட்டத்தட்ட இதே கதைதான் நடந்திருக்கிறது. கடனைக் கட்ட முடியாத விவசாயி உடம்பையே ஈடு வைத்திருந்தான், தவறினால் விற்றுவிடுவார்கள். கி.மு. 594 வாக்கில் சோலோன் என்ற ஏதென்ஸ் தலைவரிடம் அதிகாரம் வந்தது. கடனை ரத்து செய்தார், ஆளை அடமானம் வைத்துக் கடன் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பாரம் இறக்குதல்'. சோலோன் கவிஞரும்கூட, செய்ததைப் பாட்டாகவே எழுதி வைத்திருக்கிறார்: கறுத்த மண்ணில் நட்டிருந்த கற்களைப் பிடுங்கினேன், அடிமையாயிருந்த மண்ணும் விடுதலையானது என்று. நிலம் கடனில் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக நட்ட கற்கள் அவை என்பார்கள். அடிமை முறையை அவர் ஒழிக்கவில்லை, வெளியூரிலிருந்து பிடித்து வந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அந்தப் பாட்டில் ஒரு இடம் இருக்கிறது. வெளிநாட்டுக்கு விற்கப்பட்டவர்களைத் திரும்பக் கூட்டி வந்தேன் என்கிறார், சிலர் வெகுகாலம் அலைந்து திரிந்து ஏதென்ஸ் பேச்சையே மறந்துபோயிருந்தார்கள் என்கிறார். ஏதென்ஸை எந்த அந்நியனும் பிடித்திருக்கவில்லை, அவர்களை விற்றது சொந்த ஊர்க்காரன்தான். படகிலிருந்து இறங்கியதும் அவர்களிடம் அம்மாவோ அண்ணனோ ஏதோ கேட்டிருப்பார்கள், அது புரியாமல் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.