படியேறும்போது வாங்கும் மூச்சு: தசையழற்சி நோயில் இதயம்

[காட்சி: காலி வீதி, வெள்ளவத்தை. பேருந்தின் மிதிபலகையில் காலை வைத்து, கம்பியை இரு கைகளாலும் பிடித்து ஏற முயலும் ஒரு பெண்.]

வணக்கம். சில வாரங்களிலோ மாதங்களிலோ இடுப்பு, தொடை, தோள் ஆகிய இடங்களின் தசைகள் இரு பக்கமும் ஒருசேரப் பலமிழந்து, பேருந்தில் ஏறுவதும் கையை உயர்த்தித் தலை வாருவதும் கடினமாகிவிட்டால், அதை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடக்கூடாது. நிர்ப்பீடனத் தொகுதி சொந்தத் தசைகளையே தாக்கும் தசையழற்சி நோய், அதாவது மயோசைட்டிஸ், அப்படித்தான் பெரும்பாலும் தொடங்குகிறது.

இந்நோயைப் பற்றிப் பேசுவோர் கை கால்களைப் பற்றியே பேசுகிறார்கள். இதயமும் தசையால் ஆனது என்பது பலருக்கு மிகத் தாமதமாகவே நினைவுக்கு வருகிறது.

[காட்சி: இதயத்தின் வரைபடம். துடிப்பைத் தூண்டும் மின் கணத்தாக்கம் செல்லும் பாதை ஒளிர்கிறது.]

அழற்சிக் கலங்கள் இதயத்தசை நார்களுக்கிடையே புகும்போது முதலில் வீக்கமும், காலப்போக்கில் தழும்பும் உண்டாகின்றன. தழும்பு சுருங்காது, மின் கணத்தாக்கத்தையும் ஒழுங்காகக் கடத்தாது. அது கடத்தும் பாதையில் விழுந்தால் துடிப்பு தடைப்படலாம் அல்லது தாளம் தவறலாம். பரவலாக விழுந்தால் இதயம் குருதியை வெளியேற்றும் வலு குறைந்து, நுரையீரலில் நீர் தேங்கி, காலும் வீங்கும்.

இந்தப் பாதிப்பு பெரும்பாலும் அறிகுறியின்றியே இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் எளிமையானது: மின்தூக்கி இல்லாத தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்கு ஏறவே முடியாதவருக்கு, ஏறினால் மூச்சு வாங்குமா என்பது எப்படித் தெரியும்? மூச்சு வாங்கினாலும் குழப்பம் தீராது. சுவாசத்தசைகளின் பலவீனமும், இந்நோயோடு சேர்ந்து வரும் நுரையீரல் அழற்சியும் அதே மூச்சுத்திணறலைத் தருவதால், மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது.

குருதிப் பரிசோதனையில் உள்ள சிக்கலைச் சற்று நின்று விளக்க விரும்புகிறேன். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபொனின் டி என்ற புரதம், சேதமடைந்து மீண்டும் வளர்கின்ற எலும்புத்தசையிலிருந்தும் குருதியில் கலக்கக்கூடும், சி.கே.எம்.பி. என்ற நொதியும் அப்படியே. ஆகவே தசையழற்சி உள்ளவரிடம் இவை உயர்ந்திருந்தால், இதயம்தான் காரணம் என்று உடனே முடிவுசெய்ய இயலாது. தசையிலிருந்துதான் வந்திருக்கும் என்று ஒதுக்கிவிடுவதோ அதைவிட ஆபத்தானது. ட்ரோபொனின் ஐ இதயத்துக்கே கூடுதலாக உரியது என்பதால், ஐயம் எழும்போது அதையும் பார்ப்பது பயன் தரும்.

நோய் கண்டறியப்பட்ட உடனேயே, நெஞ்சில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், ஈ.சி.ஜி. எடுத்து வைப்பது நல்லது; பின்னர் மாற்றம் வந்தால் ஒப்பிட அது உதவும். ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ பரிசோதனை இயல்பாக இருந்தும் ஐயம் நீங்காதபோது, இதய எம்.ஆர்.ஐ. வீக்கத்தையும் தழும்பையும் காட்டித்தரும். எஸ்.ஆர்.பி. என்ற புரதத்துக்கோ கலங்களுக்குச் சக்தி தரும் இழைமணிகளுக்கோ எதிரான பிறபொருளெதிரிகள் உள்ளவர்களிடம் இந்தத் தேடல் இன்னும் கவனமாக நடக்க வேண்டும்.

சிகிச்சையின் அடிப்படை அழற்சியை அடக்குவதே. ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரையுடன் மெதோட்ரெக்ஸேட், அசதயோப்ரின் போன்ற மருந்துகளும், இதயத்துக்குத் தேவையான மருந்துகளும் சேர்க்கப்படுகின்றன. ப்ரெட்னிசோலோன் குருதி அழுத்தத்தையும் சீனியையும் கூட்டக்கூடியது என்பதால் அவற்றையும் அளந்துவர வேண்டும். அதற்காக அந்த மாத்திரையை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

[காட்சி: கிளினிக் கொப்பி. முதற்பக்கத்தில் நோயின் பெயர் பெரிய எழுத்தில்.]

மயக்கம் வந்தாலோ, படபடப்பு நிற்காமல் தொடர்ந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, நிமிர்ந்து படுக்க முடியாதபடி மூச்சு முட்டினாலோ, அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் இலவச சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய், தசையழற்சி இருப்பதை வைத்தியசாலையில் உள்ள வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ட்ரோபொனின் அறிக்கை வரும்போது, அதை எப்படி வாசிப்பது என்று தீர்மானிக்க அந்தத் தகவல் அவருக்குத் தேவைப்படும்.