டேஞ்சன்ட் எதைத் தொடுகிறது?

வணக்கம். கால்குலேட்டரில் டேஞ்சன்ட்டின் சுருக்கமான டேன் பொத்தானை அழுத்தி, டேன் 89 என்று தட்டினால் 57.29 வருகிறது, ஒரே ஒரு பாகை கூட்டி டேன் 90 கேட்டால், பிழை என்று கையை விரித்துவிடுகிறது. அந்த ஒரு பாகைக்குள் நடப்பது என்ன என்பதற்கு விடை, டேஞ்சன்ட் என்ற பெயரிலேயே இருக்கிறது.

தொடுவதைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல் டாங்கெரே. அதிலிருந்து வந்த டேஞ்சன்ட் என்பதற்குத் ‘தொடுகின்ற’ என்று பொருள். 1583இல், தம் 22ஆம் வயதில், டென்மார்க் கணிதர் தாமஸ் ஃபிங்கே இதை ஒரு கோண அளவுக்குப் பெயராகச் சூட்டினார். வரலாறு இவ்வளவு போதும், படத்துக்கு வருவோம்.

[திரையில்: ஆரம் 1 உள்ள வட்டம், அதன் வலது ஓரத்தில் செங்குத்தான தொடுகோடு]

வட்டத்தின் மையத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒரு கோட்டை இழுத்து, அது வட்டத்தை வெட்டிக்கொண்டு வெளியே சென்று தொடுகோட்டைச் சந்திக்கும்வரை நீட்டுங்கள். தொடும் புள்ளியிலிருந்து சந்திக்கும் புள்ளிவரை தொடுகோட்டில் உள்ள நீளம் சரியாக 1. அதுதான் டேன் 45. எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுக்க வேண்டும் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த விகிதம் இங்கே கண்ணெதிரே ஒரு கோட்டுத்துண்டாக நிற்கிறது. பாடநூல்கள் இந்தப் படத்திலிருந்தே தொடங்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

சாய்வை 60 பாகையாக்கினால் நீளம் சுமார் 1.732, 89 பாகையில் சந்திப்புப் புள்ளி 57 ஆர உயரத்துக்கும் மேலே ஏறிவிடுகிறது. 90 பாகையில் நம் கோடும் தொடுகோடும் இணைகோடுகளாகிவிடுவதால் சந்திப்பே இல்லை. அளக்க நீளமும் இல்லை. கால்குலேட்டர் பாவம், வேறு என்ன சொல்லும்?

ஃபிங்கேவுக்கு முன்னர் அரபுக் கணிதர்கள் இதே அளவை நிழல் என்று அழைத்தனர். சுவரில் கிடைமட்டமாக அடித்த முளையின் நிழல், எதிரே சூரியன் ஏற ஏறச் சுவரில் கீழ்நோக்கி நீள்வதை நினைத்துப் பார்த்தால், அந்தப் பெயரும் கச்சிதமானதே.

தொற்றைக் குறிக்கும் கான்டேஜியன், ‘தொடப்படாதது’ என்ற பொருளில் பிறந்து முழு எண்ணைக் குறிக்கும் இன்டிஜர் ஆகியவையும் டாங்கெரேயின் வழிவந்தவைதாம். டேஞ்சரின் பழத்துக்கு இந்த உறவு கிடையாது. அது மொராக்கோவின் டாஞ்சியர் நகரின் பெயரைத் தாங்கியது.

டேன் 135 ஏன் மைனஸ் 1 ஆகிறது என்பதை இதே படத்தில் கண்டுபிடித்துப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஒரு குறிப்பு: மையத்திலிருந்து இழுத்த கோட்டைப் பின்பக்கமாகவும் நீட்டலாம்.