ஆளைக் கொடு, அரிசி வாங்கு

நேயர்களுக்கு வணக்கம். 1380 வாக்கில், கொரியாவின் தென்கிழக்குக் கரையில் உல்சான் என்ற ஊரில், எட்டு வயதுப் பையன் ஒருவனின் அம்மாவைக் கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டு போனார்கள். பையன் பெயர் யீ யே. அப்போது இது அடிக்கடி நடந்ததுதான். 1350-க்குப் பிறகு சுஷிமா, இக்கி முதலான ஜப்பானியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் அரிசியோடு ஆட்களையும் அள்ளிப் போய் அடிமையாக விற்றார்கள்.

யீ யே வளர்ந்து ஊர்க் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், எழுத்தரானார். 1396 கடைசியில் கொள்ளையர் ஊர் அதிகாரியையே தூக்கிப் போனபோது மற்ற எழுத்தர்கள் ஓடி ஒளிந்தார்கள். இவரோ இன்னொருவரோடு கச்சேரி வெள்ளிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், சுஷிமாவில், தலை போகுமா நிற்குமா என்று கிடந்த அந்த அதிகாரிக்கு முன்னால் வழக்கமான பணிவு ஒன்றும் குறையாமல் நின்றாராம். கொள்ளையர்களே அசந்துபோனார்கள். பிறகு கொரியத் தூதர் வந்து இவர்களை மீட்டார்.

1400-இல் அரசிடம் அனுமதி வாங்கி, தூதுக்குழுவோடு போய்த் தீவுகளில் வீடு வீடாக அம்மாவைத் தேடினார். கிடைக்கவில்லை. ஆனாலும் விடவில்லை மனுஷன். அடுத்த ஆண்டே, போன படகைப் பறிகொடுத்தும், இக்கியில் 50 பேரை மீட்டு ஒரு ஜப்பானியரின் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார். படகுக்காரருக்கு அரசு கொடுத்தது 300 சோக் அரிசி. சோக் என்பது அவர்கள் ஊர்ப் பெரிய அளவை.

இங்கேதான் விஷயமே. ஆளைத் திருப்பினால் அரிசியும் துணியும் வியாபார உரிமையும் கிடைக்கும் என்றானதும், திருப்பி அனுப்புவதே ஒரு வரும்படியாகிவிட்டது. ஜப்பானின் தெற்கிலுள்ள பெரிய தீவான கியூஷூவின் ஆளுநர் இமகாவா ரியோஷுன் 1394-லும் 1395-லும் ஒவ்வொரு முறையும் 500-க்கு மேற்பட்டவர்களை அனுப்பினார். கூடவே பௌத்த மறைநூல் தொகுப்பான திரிபிடகத்தின் அச்சுப்பிரதியும் கேட்டார். பிடித்தவன் யார், திருப்புகிறவன் யார் என்று கொரிய அரசும் ரொம்பத் துருவவில்லை. என்னைக் கேட்டால் அது புத்திசாலித்தனம்தான், ஆள் வீடு வந்து சேர்ந்தால் போதாதா?

ஆனால் எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1420-இல் ஜப்பானுக்குத் தூது போன சோங் ஹி க்யோங்கின் கப்பலை, சுஷிமா பக்கம், மீன் விற்க ஒரு சிறு படகு நெருங்கியது. அதில் மொட்டைத் தலையோடு மண்டியிட்டுச் சோறு கேட்டவர், சீனாவின் தைஜோவில் சிறு படைத் தலைவராக இருந்தவர். கூட்டிப் போங்கள் என்று அழுதார். அரிசி கொடுத்தால் இவனைத் தருகிறேன், வாங்குகிறீர்களா என்றான் மீன்காரன். நீ இருக்கும் ஊர் எது என்று தூதர் கேட்டார். விற்கப்பட்டு இரண்டு வருஷமாக இவனோடு கடலிலேயே கிடக்கிறேன், ஊர் பெயர் தெரியாது என்றார் அவர்.

யீ யே நாற்பது தடவைக்கு மேல் ஜப்பானுக்கும், 1416-இல் ரியூக்யூ (இன்றைய ஒகினாவா) தீவுகளுக்கும் போய் 667 பேரை மீட்டார். கடைசியாக 1443-இல், எழுபது கடந்து, தானே கேட்டு சுஷிமா போனார். அதே ஆண்டு கொரியாவுக்கும் சுஷிமாவுக்கும் ஒப்பந்தம் ஆனது: சுஷிமா தலைவர் வருஷத்துக்கு 50 வியாபாரக் கப்பல் அனுப்பலாம், அவருக்கு அரிசியும் பயறுமாக 200 சோக் கிடைக்கும். அன்றைக்கு ஒரே ஒரு படகுக்காரருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு, கணக்குப் போட்டுப் பாருங்கள்.