ரெண்டு நாள் லீவு, கடல் பக்கம் போகணும்: பாண்டியா, தரங்கம்பாடியா?

வணக்கங்க. இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான் எடுத்திருக்கேன், ஏன்னா பதில் கொஞ்சம் நீளம். நம்ம சேலம் அம்மாப்பேட்டையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. "ஏற்காட்டுக்குப் போய்ப் போய் சலிச்சுப் போச்சு தம்பி. சனி, ஞாயிறு ரெண்டு நாள் கடல் பக்கம் போய்ச் சும்மா இருந்துட்டு வரணும். மாமியாருக்கு முட்டி வலி. பசங்க ரெண்டும் சின்னவங்க. பாண்டிச்சேரி போலாமா, வேற ஊர் இருக்கா? கடல்ல குளிக்கலாமா?"

அக்கா, அந்த "சும்மா இருந்துட்டு"ங்கற வார்த்தையை வச்சே சொல்றேன், தரங்கம்பாடி போங்க. பாண்டி நல்ல ஊருதான், குறை சொல்லல. ஆனா அங்க பார்க்கறதுக்கு நிறைய இருக்கு பாருங்க, அதான் வம்பே. சனிக்கிழமை சாயங்காலம் வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போயிரும். தரங்கம்பாடியில பார்க்க வேண்டியது மொத்தமும் மூணு மணி நேரம். அதுக்கப்புறம் உட்கார்றதைத் தவிர வேற வேலை கிடையாது.

நான் பட்டுட்டுச் சொல்றேங்க. மொத தடவை குடும்பத்தோட கிளம்பினப்ப பாண்டி, பிச்சாவரம், சிதம்பரம், வேளாங்கண்ணி நாலையும் ரெண்டு நாள்ல முடிச்சிரலாம்னு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டுப் போனேன். சிதம்பரம் கோயில் வாசல்ல நிக்கறப்ப மணி பன்னெண்டே கால். நடை சாத்தியாச்சு, இனி சாயங்காலம்தான். பின்சீட்டுல பையன் வாந்தி. வேளாங்கண்ணி கடலை நாங்க பார்த்தது கார் கண்ணாடி வழியாத்தான். அந்தப் பேப்பரை வீட்டுக்காரம்மா இன்னும் பத்திரமா வச்சிருக்காங்க, எனக்குக் காட்டறதுக்கு.

போற வழி: கார்னா ஆத்தூர், சின்னசேலம், வேப்பூர், விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி. நின்னு நிதானமாப் போனா ஆறு மணி நேரம் வச்சுக்கோங்க. ஆனா முட்டி வலிக்காரங்களை அவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார வைக்கறதுக்கு ரயில் மேல். மைசூர்ல இருந்து மயிலாடுதுறை பக்கம் போற வண்டி ராத்திரி நம்ம ஜங்ஷன் வழியாத்தான் போகுது. வெள்ளிக்கிழமை ஏறிப் படுத்தீங்கன்னா காலையில மயிலாடுதுறை. டைம் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. அங்கிருந்து தரங்கம்பாடி முப்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும், பஸ் இருக்கு. வழியிலேயே திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் எல்லாம் பண்ற கோயில். அபிராமியைக் கும்பிட்டாச்சுன்னா மாமியாருக்கு அந்தப் பயணம் அங்கேயே பலிச்ச மாதிரி. அப்புறம் நீங்க கடலைப் பார்த்துக்கிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

கார்ல போறவங்களுக்கு ஒரு விஷயம், சிதம்பரத்துக்குக் கிட்டத்துல பரங்கிப்பேட்டைன்னு போர்டு வரும். 1830கள்ல ஹீத்னு ஒரு வெள்ளைக்காரர் அங்க இரும்பு ஆலை நடத்தினாரு. தாது எங்கிருந்து போச்சு தெரியுங்களா? நம்ம சேலத்துல இருந்து. ஸ்டீல் பிளான்ட் வர்றதுக்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னாடியே நம்ம மண்ணு கடலைப் பார்த்திருச்சு, நாமதான் லேட்டு. சரி, விஷயத்துக்கு வர்றேன்.

தரங்கம்பாடி ஊருக்குள்ள ஒரு பழைய வாசல் வழியா நுழைஞ்சா நேரா ஒரு தெரு, அது முடியற இடத்துல கடல். அவ்வளவுதான் ஊரு. கடலோரத்துல டேனிஷ்காரங்க 1620ல கட்டின கோட்டை. தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தாரு. 1845ல அவங்க அதை இங்கிலீஷ்காரங்களுக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. மேல ஏறப் படி இருக்கு, மாமியார் ஏற வேணாம், கீழேயே நிழல் கிடைக்கும். பக்கத்துல மாசிலாமணிநாதர் கோயில், 1306ல பாண்டியர் காலத்துல கட்டினது. முன்பகுதியைக் கடல் தின்னுருச்சு. இப்போ கல்லு கொட்டித் தடுத்து வச்சிருக்காங்க.

குளிக்கறது? வேணாங்க. இதுல நான் கறாரு. நம்ம பசங்க பார்த்த தண்ணியெல்லாம் நிக்கற தண்ணி: ஏற்காடு ஏரி, மேட்டூர் டேம். கடல் அப்படி இல்ல. கணுக்கால் தண்ணியில நில்லுங்க, அலை திரும்பறப்ப குதிகாலுக்குக் கீழ இருந்து மண்ணை உருவிக்கிட்டுப் போகும், ஆளே ஒரு பக்கமா சாய்வோம். பசங்களுக்கு அதுவே பெரிய விளையாட்டு, ஒரு மணி நேரம் ஓடிரும். கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். கல்லு கொட்டின பக்கம் போகவே கூடாது, பாசி வழுக்கும்.

இன்னொண்ணு, "அங்க ஓசோன் காத்து அதிகம், உடம்புக்கு நல்லது"ன்னு யாராவது சொல்லுவாங்க. நம்பாதீங்க. நாம மூச்சு விடற காத்துல ஓசோன் அதிகமானா நுரையீரலுக்குக் கெடுதல்தான். அங்க இருக்கறது நல்ல உப்புக் காத்து, அது போதும். அதே மாதிரி சாயங்காலம் சூரியன் கடல்ல இறங்கும்னு கேமராவோட உட்காராதீங்க, நம்ம கரை கிழக்குக் கரை. காலையில ஆறு மணிக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போங்க. பௌர்ணமி பக்கம் போனீங்கன்னா நிலா தண்ணிக்குள்ள இருந்து ஏறும், அது இன்னும் மேல்.

ஐப்பசி, கார்த்திகை வேணாம், மழை, புயல். தை, மாசி தோது. ரூம் அங்க ரொம்பக் கம்மி, முன்கூட்டியே போட்டுருங்க. சாப்பாட்டுக் கடையும் கம்மிதான், பக்கத்து ஊரு பொறையார் போனா கிடைக்கும்.

பசங்களுக்குன்னு இங்கிருந்து தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னி, துருவின காய் வைப்போமே, அது) போட்டுத் தின்ன எல்லாம் கட்டிக்கிட்டுப் போவீங்க, தெரியும். கேரட், பீட்ரூட் அங்கேயே துருவிக்கலாம். தட்டுவடையை மட்டும் எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடியை அழுத்தி மூடுங்க. போன தடவை நாங்க பாலிதீன் கவர்லயே விட்டுட்டோம், கடல் காத்துக்கு ஒரே ராத்திரியில நமுத்து அப்பளம் ஊறின மாதிரி ஆயிருச்சு.